நாலாயிரத்து எண்ணூறு மீட்டர்

துறைமுகத்துக் கட்டட உச்சியில், வெள்ளைக் குமிழுக்குள்,
தட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது.
கீழே இரவுப் பணியில் இருவர்:
நான்,
ஃபிளாஸ்க்கைத் தன் பக்கமே வைத்துக்கொள்ளும் தாஜுதீன்.

புயலுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
தாழ்வு மண்டலம்தான்.
ஆனாலும் நேற்று மாலையே பால் பாக்கெட் தீர்ந்துவிட்டது.

கதிரைப் பத்து டிகிரி நிமிர்த்தினால்
திரையில் ஒரு வளையம் விழுகிறது.
மீஞ்சூர், ஆவடிக்கு அப்பால் கொஞ்சம், பூந்தமல்லி, தாம்பரம்,
முட்டுக்காட்டுக்கு முன்பே கடலில் இறங்கி
தன் வாலைத் தானே கவ்விக்கொள்கிறது.
இருபது டிகிரி: சுருங்கி வேளச்சேரிக்கு வருகிறது.

புயலின் கண் இல்லை அது.
பனி உருகும் உயரம்.

பனி என்றால் நமக்கு
மார்கழியில் காதை மூடிக்கொள்வது.
புல் மேல் இருப்பதும் பனி,
ரயிலைத் தாமதப்படுத்துவதும் பனி,
மேலிருந்து பஞ்சாய் இறங்குவதும் அதே பனி.
கல்லாய் விழுந்தால் மட்டும்
ஆலங்கட்டி என்று தனிப்பெயர்.
நான் தொட்ட ஒரே வெண்பனி
பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில்
கரண்டிக் காம்பால் சுரண்டியது.
மீன் வாசனை அடிக்கும்.

மேலே அது வேறு பிழைப்பு.
மைனஸ் பதினைந்தில் கை முளைக்கிறது, ஆறு கை.
அவசரமே இல்லாமல் இறங்கும்போது
ஒன்றின் கை இன்னொன்றில் மாட்டிக்கொள்கிறது,
பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பிசுபிசுப்பு,
நாலு சேர்ந்து, நாற்பது சேர்ந்து,
தலையணை கிழிந்தாற்போல் ஒரு திரள்.
நாலாயிரத்து எண்ணூறில்
தோல் மட்டும் நனைகிறது.
பனியின் பெரிய உடம்பு, நீரின் பளபளப்பு.
சில நூறு மீட்டருக்கு
ரேடாருக்கே கண் கூசுகிறது.
பிறகு உடைந்து, சுருங்கி,
வெறும் மழைத்துளியாகி
ஓடத் தொடங்குகிறது.

அதனால் வளையத்தின் சிவப்பை நம்பக் கூடாது.
பாதி பொய்.

மூன்று பத்துக்குத் தொலைபேசி.
"மேடம், வேளச்சேரி விஜயநகர்லேந்து பேசறேன்.
காரைப் பாலத்து மேல ஏத்திடட்டுமா?"

அறிக்கையைப் பாருங்கள் என்று சொல்வதுதான் முறை.
அவர் தலைக்கு மேல் வளையம் சிவந்திருக்கிறது,
அதற்கு நான் பயப்படவில்லை.
கிழக்கே, கடலில், இன்னொன்று.
அதில் வளையமே இல்லை.
அடியிலிருந்து உச்சி வரை ஒரே தூணாய்,
உருகவும் நேரமில்லாமல்
எல்லாவற்றையும் வாரி மேலே எறிந்துகொண்டு
ஒன்றரை மணி நேரத் தொலைவில்.

"ஏத்திடுங்க."
"இங்க தூறல்தானே மேடம்?"
"இப்போ தூறல்தான். ஏத்திடுங்க."
ஏன் சொன்னேனோ, அதோடு நிறுத்தாமல்,
"உங்க தலைக்கு மேல பனி பெய்யுது சார்."

கொஞ்ச நேரம் அவர் வீட்டு மின்விசிறி மட்டும் கேட்டது.
"அப்போ குல்லா போட்டுக்கறேன்" என்றார்.
சாவிக்கொத்து குலுங்கியது.

நாலே முக்காலுக்கு எங்கள் ஜன்னலில்
வாளி வாளியாய் அறைந்தது.
தட்டு சுற்றுவது கேட்கவில்லை.
பாலத்தில் எத்தனையாவது கார் அவருடையது,
இடம் கிடைத்ததா,
திரையில் தெரியாது.

ஆறு மணிக்குத் தாஜுதீன் பதிவேட்டை நிரப்பினான்.
நாடு முழுக்க ஒரே படிவம், காஷ்மீருக்கும் நமக்கும்.
மழை: எண்ணை எழுதினான், இரண்டு முறை சரிபார்த்து.
பனிப்பொழிவு என்ற கட்டத்தில்
வழக்கம்போல் ஒரு சின்னக் கோடு.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"என்ன?" என்றான்.
ஒன்றுமில்லை,
ஃபிளாஸ்க்கை இந்தப் பக்கம் தள்ளு.